ரெக்ஸுக்கு ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்

சுவாமிநாதனை ஏரிக்கரை கிளப்பில் சேர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நாகரிகம் இல்லை. அவருடைய நாயைச் சேர்க்க முடியாது என்றுதான் சொன்னார்கள்.

அது 1957 ஏப்ரல். பழனி அடிவாரத்தில் இரண்டு பஞ்சாமிர்தக் கடைகளுக்குச் சொந்தக்காரரான சுவாமிநாதன், அதற்கு முந்தைய மழைக்காலத்தில், கப்பலேறப் புறப்பட்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து கோடைக்கானலில் ஒரு பங்களா வாங்கியிருந்தார். பங்களாவோடு சில சாய்வு நாற்காலிகளும், மூன்று கட்டை பேசாத ஒரு பியானோவும், தலை மட்டும் உள்ள ஒரு காட்டெருமையும், முழு உடம்போடு ஒரு நாயும் கைமாறின. நாயின் பெயர் ரெக்ஸ். அல்சேஷன் ஜாதி. பங்களாவுக்கும் ஒரு பெயர் இருந்தது, கிளென்மோர் என்று. சுவாமிநாதனின் மனைவி சண்முகவள்ளி அதை மேல்வீடு என்றுதான் சொல்வாள். ஒரு வாரம் திருத்திப் பார்த்துவிட்டு அவர் விட்டுவிட்டார்.

ரெக்ஸிடம் வெள்ளைக்காரர் ஊட்டி வளர்த்த பழக்கம் ஒன்று இருந்தது. கோட்டுப் போட்டவர் வந்தால் வாலை ஆட்டும். கம்பளி போர்த்தியவர் வந்தால் குரைக்கும். மலையில் விறகு சுமப்பவர், பூண்டு மூட்டை தூக்குபவர், தோட்டக்காரர் எல்லாம் கம்பளிதான் போர்த்துவார்கள் என்பதால், யார் துரை யார் ஆள் என்று பிரிக்க இந்த ஒரு பாடம் போதுமாக இருந்தது. ஆனால் ஒரு நாள் காலை, ஏரிப் பாதையில், கிளப்பின் செயலாளரான ராவ் சாகிப் குமாரவேல் காஷ்மீர் சால்வை போர்த்திக்கொண்டு உலாவ வந்தார். ராவ் சாகிப் என்பது யுத்த நிதிக்கு வசூல் செய்து கொடுத்ததற்காக வெள்ளைக்காரர்களிடம் வாங்கிய பட்டம். கொடுத்தவர்கள் போய்ப் பத்து வருடம் ஆகியும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. ரெக்ஸுக்கு நெசவில் அவ்வளவு நுணுக்கம் தெரியாது. சால்வையைக் கம்பளி என்று எடுத்துக்கொண்டு, ராவ் சாகிப்பை அரை பர்லாங் தூரம் குரைத்துக்கொண்டே கொண்டுபோய் விட்டது.

கடித்திருந்தால் மன்னித்திருப்பார். மூட்டை தூக்குபவர் என்று நினைத்துவிட்டதே.

"உங்களைப் பத்திக் கமிட்டிக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது பழனிக்காரரே," என்றார் ராவ் சாகிப், கிளப் வராந்தாவில் உட்கார்ந்தபடி. சுவாமிநாதன் நின்றுகொண்டிருந்தார். "நாய் விஷயம்தான் கொஞ்சம் இடிக்குது."

"நாய வீட்டுலயே கட்டிப்போட்டுட்டு வந்துர்றேனுங்க."

"கட்டிப்போட்டா அதோட குணம் மாறிருமா? மெம்பர் வீட்டு நாய்னா அதுக்கு ஒரு மேனர்ஸ் வேணும். கேப்டன் குருநாதன் வகுப்பு நடத்துறார். நாலு வாரம். கடைசியில பரீட்சை. சர்டிபிகேட்டோட வாங்க, பேசுவோம்."

"நாயே இல்லேன்னு வச்சுக்குங்க?"

"நாய் இல்லாத மெம்பர்னு ஒரு பிரிவே நம்ம ரூல்ஸ்ல இல்லையே," என்றார் ராவ் சாகிப் மிகுந்த வருத்தத்தோடு. ரூல்ஸ் எழுதியவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் சுவாமிநாதன் தங்கமுத்துவைக் கூப்பிட்டார். தங்கமுத்து பங்களாவின் காவலாள், தோட்டக்காரர், இப்போது நாய்க்காரரும்கூட. பக்கத்து மலைக்கிராமமான பேத்துப்பாறையைச் சேர்ந்தவர். போன ஐப்பசி மழையில் மண் சரிந்து இறங்கி அவருடைய பூண்டுப் பாத்தியையும் வீட்டின் ஒரு சுவரையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. மனைவி ராக்காயிக்கு இழுப்பு நோய். ஈரக் காற்று பட்டால் மூச்சுத் திணறும். பங்களாவின் பின்னால் கணப்படுப்போடு இருந்த சின்ன அறையில் இருவரும் தங்கியிருந்தார்கள்.

"ஏலே தங்கமுத்து, இங்க வா," என்றார் சுவாமிநாதன். தங்கமுத்து அவரைவிட இரண்டு வயது மூத்தவர். "இந்த நாயி பரீட்சையில பாஸாகணும். ஆச்சுன்னா அடுத்த சீசன் வரைக்கும் பின்னாடி ரூம்பு ஒனக்குத்தான். ஆகலேன்னா மழைக்கு முந்தி ஊரப் பாத்துப் போயிரு. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

"ஆயிரும் மொதலாளி," என்றார் தங்கமுத்து. வேறு என்ன சொல்ல முடியும்.

ராக்காயி அன்று அடுப்பங்கரையில் கேட்டாள். "அப்ப நாயி பாஸானாத்தான் நமக்கு இந்த அடுப்பா?"

"ஆமா."

"ஆளுக நல்லவுங்களா கெட்டவுங்களான்னு பாத்து எடம் குடுத்த காலமெல்லாம் போச்சு போல," என்றாள் அவள். பானையிலிருந்த கேழ்வரகுக் களியில் ஒரு பெரிய உருண்டையை எடுத்து ரெக்ஸுக்குத் தனியாக வைத்தாள்.

வகுப்பு மேல் மைதானத்தில் காலை ஏழு மணிக்கு. முதல் நாள் எட்டு நாய்களும் எட்டு எஜமானர்களும் வந்திருந்தார்கள். கோயமுத்தூர் மில்காரர் ஒருவர், ஜமீன் ஒழிந்தபின் நாயை மட்டும் ஒழிக்காத ஒருவர், காப்பித் தோட்டக்காரர்கள், சுவாமிநாதன், பிறகு டாலி என்ற சடைநாயோடு ராவ் சாகிப். எல்லோர் மேலும் கோட்டு. சுவாமிநாதனின் கோட்டு மதுரையில் தைத்தது. தோள்பட்டையில் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

கேப்டன் குருநாதன் காக்கி அரைக்கால் சட்டையும் கைப்பிரம்பும் கழுத்தில் விசிலுமாக நின்றார். யுத்தத்தின்போது ராணுவ நாய்களோடு இருந்தவர் என்று அவரே சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஜபல்பூர்க் கிடங்கில் நாய்களுக்கான தோல்வார்களை மூட்டை கட்டி அனுப்பும் பிரிவில் இருந்தார். வார் இல்லாமல் நாய் இல்லை என்று பார்த்தால், அவர் சொன்னதில் பெரிய பொய் ஒன்றும் கிடையாது.

"நாய் என்பது எஜமானரின் கண்ணாடி," என்று தொடங்கினார் கேப்டன். "நாயைப் பார்த்தாலே எஜமானரின் வளர்ப்புத் தெரிந்துவிடும்."

எட்டு எஜமானர்களும் அவசரமாகத் தங்கள் தங்கள் நாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாய்க்கு நான்கு ஒழுக்கங்கள் என்றார் கேப்டன். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். இரு என்றால் இருக்க வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். அந்நியர் ஒருவர் நல்லபடியாகக் கிட்டே வந்தால் குரைக்காமல் கை கொடுக்க வேண்டும். பிறகு தேநீர் இடைவேளை. ஒரு தட்டில் பிஸ்கோத்து வந்தது. நாய்கள் எட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. கடைசி பிஸ்கோத்துக்கு மில்காரரும் ஜமீனும் ஒரே நேரத்தில் கை நீட்டியதில் கேப்டனின் கோப்பை கவிழ்ந்தது.

இரண்டாம் நாள் மூடுபனி. மில்காரர் தன் டிரைவரை அனுப்பினார். மூன்றாம் நாள் ஜமீன் தன் சமையல்காரரை. எஜமானரே வாரைப் பிடிக்க வேண்டும் என்பது வகுப்பின் முதல் விதி. ஆனால் ஏழு மணிக் குளிர் அந்த விதியைப் படித்ததில்லை. ராவ் சாகிப் மட்டும் ஐந்து நாள் தாக்குப் பிடித்தார். ஆறாம் நாள் டாலியோடு அவருடைய சமையல்காரர் பொன்னுவேல் வந்து நின்றார். சுவாமிநாதன் நாலாம் நாளே நின்றுவிட்டிருந்தார். பெரிய மனிதர்கள் வேலைக்காரர்களை அனுப்பும் இடத்தில் தானே போய் நிற்பது மரியாதைக் குறைவு என்று அவருக்குப் பட்டது.

கேப்டன் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் குளிரெடுத்தது. மைதானத்து ஓரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து பயிற்சி நடத்தினார். எட்டு மணிக்கு விசில் மட்டும் ஊதுவார். வகுப்பு முடிந்தது என்று அர்த்தம்.

ஆக எட்டு நாய்களுக்கும் ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தது எட்டுக் கம்பளிகள்.

முதலில் ரெக்ஸ் தங்கமுத்துவைப் பார்த்துக் குரைத்தது. அதன் பழைய பாடம் அது. தங்கமுத்து தன் கம்பளியில் ஓரமாகக் கிழிந்து தொங்கிய ஒரு துண்டை வெட்டி அதற்குப் படுக்கை போட்டார். அடுப்புக்கு மேலே உத்தரத்தில் பூண்டுக் கட்டுகள் புகை குடித்துக்கொண்டு தொங்கும். அதற்கு நேர் கீழே ரெக்ஸ் படுக்கும். பத்து நாளில் நாய்க்கும் கம்பளிக்கும் ராக்காயிக்கும் ஒரே வாசனை, புகையும் பூண்டும்.

மைதானத்திலும் அதே கதைதான். "சிட்டு சாமி, சிட்டு," என்பார் பொன்னுவேல், டாலியின் முதுகைத் தடவியபடி. டாலி உட்காரும். எட்டு மணிக்கு விசில் கேட்டதும் எட்டுப் பேரும் வேலி ஓரமாகப் போய் உட்கார்ந்து மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரிப்பார்கள். பழைய ரொட்டியோ களியோ, நாய்க்குப் பாதி, தங்களுக்குப் பாதி. எந்த நாயும் முந்தாது. தன் முறை வரும்வரை வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வரிசை கேப்டன் சொல்லிக் கொடுத்ததில்லை. பிஸ்கோத்துத் தட்டு வராத இடத்தில் அது தானாக வந்துவிட்டது.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு கேப்டனிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. பரீட்சையில் எஜமானரே நாயை நடத்த வேண்டும், வேலைக்காரர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்று இருந்தது. சுவாமிநாதன் கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினார்.

"ரெக்ஸ். கம்."

ரெக்ஸ் அவரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தங்கமுத்துவின் காலடியில் உட்கார்ந்தது.

"ஏலே, நீ அந்தப் பக்கம் போ."

தங்கமுத்து கொட்டகைக்குப் பின்னால் போனார். ரெக்ஸும் போனது.

சுவாமிநாதன் யோசித்தார். வியாபாரி அல்லவா. உள்ளே போய் ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தைத் திறந்துகொண்டு வந்தார்.

"சாமி பேரச் சொல்லி விக்கிறத நாயிக்கா போடுறீங்க?" என்றாள் சண்முகவள்ளி படிக்கட்டிலிருந்து.

"இது அபிஷேகம் பண்ணாதது. கடைச் சரக்கு."

"கடைக்கு வர்றவங்ககிட்ட இப்பிடிச் சொல்றதில்லையே நீங்க."

அவர் காதில் வாங்கவில்லை. ரெக்ஸ் வந்தது. டப்பாவைக் காலி செய்தது. அவருடைய கையை நக்கியது, பிறகு கோட்டின் கைப்பட்டியை நக்கியது, அங்கே தித்திப்புத் தீர்ந்ததும் நிமிர்ந்து, அந்தக் கோட்டுக்குள் யார் இருக்கிறார் என்று பார்த்துக் குரைக்கத் தொடங்கியது.

"நாயி ஒங்களக் கடைக்காரராத்தான் மதிக்குது," என்றாள் சண்முகவள்ளி.

அன்று சாயங்காலம் ராக்காயி துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்தாள். தங்கமுத்து அதைப் பார்த்தார்.

"இப்பவே என்னத்துக்குக் கட்டுற?"

"கடைசியில வெரசா கட்டச் சொல்லுவாங்க. எனக்கு மூச்சு வாங்கும்."

பரீட்சை நாள் நல்ல வெயில். மேல் மைதானத்தில் சாமியானா, நாற்காலிகள், ஊரின் ஒரே போட்டோக்காரர், மேஜைமேல் ரோஸ் நிற ரிப்பன் கட்டிய எட்டுச் சான்றிதழ்கள். கையெழுத்தை முன்கூட்டியே போட்டாகிவிட்டது. எட்டில் ஏழு தேறும் என்பது கமிட்டி உறுப்பினர்களுக்குள் ஏற்கெனவே தெரிந்த விஷயம். எட்டாவதில் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

எட்டு எஜமானர்களும் வார்களைப் பிடித்து வரிசையாக நின்றார்கள். எட்டு வேலைக்காரர்களும் வேலிக்கு வெளியே நின்றார்கள். அந்நியராக நடிக்க ராவ் சாகிப் முன்வந்திருந்தார். டாலியின் வாரைத் தன் மருமகனிடம் கொடுத்துவிட்டு, கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக, உலகத்திலேயே மிகவும் நல்லபடியாகக் கிட்டே வரக்கூடிய ஒரு மனிதராக, ரெக்ஸை நோக்கி முதலில் நடந்தார்.

ரெக்ஸ் குரைத்தது.

ராவ் சாகிப்பின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அவர் சுவாமிநாதனைப் பார்த்து அனுதாபமாகத் தலையை ஆட்டினார். ஆட்டி முடிப்பதற்குள் ஜமீன் நாயும் குரைத்தது. பிறகு மில்காரர் நாய். பிறகு வரிசை முழுவதும். நாலு வாரமாகக் கம்பளியைத் தவிர வேறு எதையும் பார்க்காத நாய்களுக்கு, ஒரே இடத்தில் இத்தனை கோட்டுகளைப் பார்த்ததும் ஊருக்குள் திருடர் புகுந்துவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாயும் முதலில் ராவ் சாகிப்பைப் பார்த்துக் குரைத்தது. பிறகு திரும்பித் தன் எஜமானரைப் பார்த்துக் குரைத்தது. மருமகன் கையில் இருந்த டாலி, தன் எஜமானரான ராவ் சாகிப்பைப் பார்த்து, மற்ற ஏழும் சேர்ந்து குரைத்ததைவிட அதிகமாகக் குரைத்தது.

கேப்டன் செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். விசிலை ஊதினார்.

எட்டு நாய்களும் குரைப்பதை நிறுத்தின. எட்டு வார்களும் பெரிய மனிதர்களின் கையிலிருந்து உருவிக்கொண்டன. ஜமீன் மட்டும் விடாமல் பிடித்ததால் நாலு கெஜம் புல்லில் இழுபட்டார். நாய்கள் வேலியைத் தாண்டின. அங்கே எட்டுக் கம்பளிகளுக்கு முன்னால், இடமிருந்து வலமாக, ஒரு அங்குலம் பிசகாமல் வரிசையாக உட்கார்ந்தன.

"வரிசையைக் கவனியுங்கள்," என்றார் கேப்டன், சாமியானாவைப் பார்த்து. யாரும் கவனிக்கவில்லை.

சுவாமிநாதன் வேலியருகே வந்தார். முகம் சிவந்திருந்தது. "தங்கமுத்து, ஒன் சோலி முடிஞ்சுது. நாளைக்கு வெள்ளனே கெளம்பிரு."

 வீட்டு மூலையில் மூட்டை தயாராகத்தான் கிடந்தது. தங்கமுத்து தோளிலிருந்த கம்பளியை எடுத்து நீட்டினார். "மொதலாளி, போறதுக்கு முந்தி ஒண்ணு சொல்றேன். அந்தக் கோட்டக் கழட்டிட்டு இதப் போத்திக்கிட்டு ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்க."

சுவாமிநாதன் கம்பளியைப் பார்த்தார். சாமியானாவைப் பார்த்தார். கடையின் பழவாசனை தன்மேல் இருக்கக் கூடாதென்று மூன்று மாதமாக வாசனை சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தவர் அவர். கம்பளி நாலு அடி தூரத்திலேயே பூண்டு பூண்டாக மணத்தது.

"போத்துங்க," என்றாள் பரீட்சை பார்க்க வந்திருந்த சண்முகவள்ளி, பின்னாலிருந்து. "கோட்டுப் போட்டும் யாரும் உள்ள விடல. கம்பளி போத்துனா புதுசா என்ன கொறையப் போகுது?"

அவர் கோட்டைக் கழற்றித் தங்கமுத்துவின் கையில் கொடுத்தார். கம்பளியைப் போர்த்தினார். தலையையும் மூடி முக்காடு போட்டுக்கொண்டார், யாருக்கும் முகம் தெரியாமல் இருக்கட்டும் என்று. மைதானத்தின் நடுவில் போய் நின்று, "ரெக்ஸு, வா சாமி," என்றார்.

ரெக்ஸ் வந்தது. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தது. இரு என்றார், இருந்தது. கை கொடு என்றார். வலது முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது, ஒரு கலெக்டர் கொடுப்பது போல.

 கேப்டன்தான் முதலில் சுதாரித்தார். "ஜெர்மனியில் இதைத்தான் செய்கிறார்கள்," என்றார் உரக்க. "முழு உடலையும் மூடிய பயிற்சி உடை. நான் கடைசியில் சொல்லிக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்."

ஜெர்மனி என்றதும் மில்காரர் தன் டிரைவரை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். அடுத்தது ஜமீன். பயிற்சி உடை என்றான பிறகு அதைப் போர்த்தாமல் நிற்பவர்தான் விவரம் தெரியாதவர். ஐந்து நிமிடத்தில் வேலிக்கு உள்ளே ஏழு கம்பளிகள், வெளியே வெறும் சட்டையோடு ஏழு பேர், கையில் ஏழு கோட்டு.

ராவ் சாகிப் மட்டும் அசையவில்லை. "என்கிட்ட என் சால்வை இருக்கு," என்றார்.

காரிலிருந்து காஷ்மீர் சால்வை வந்தது. போர்த்திக்கொண்டு டாலியைக் கூப்பிட்டார். டாலி கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்க் குரைத்தது. ஒரு மாதத்தில் நாய்களுக்கு நெசவின் நுணுக்கம் பிடிபட்டிருந்தது.

பொன்னுவேல் தன் கம்பளியை மடித்து இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். ராவ் சாகிப் வானத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கமிட்டியைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் முதுகைக் காட்டினார். பொன்னுவேல் போர்த்திவிட்டார்.

எட்டு நாய்களும் தேறின. ஏழு நாய்களை மட்டும் தேற வைக்க வழி இல்லாமல் போய்விட்டது. ரெக்ஸைத் தள்ளக் காரணம் சொன்னால் டாலிக்கும் அது பொருந்தும். எட்டாவது சான்றிதழில் ராவ் சாகிப் தன் கையாலேயே பெயரை எழுதினார். அந்நியரிடம் நடந்துகொள்ளும் முறை என்ற இடத்தில் "மிக நன்று" என்று போட வேண்டியிருந்தது. போட்டோக்காரர் எஜமானர்களையும் நாய்களையும் ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் படம் கிளப்பின் கூடத்தில் வெகு காலம் மாட்டியிருந்தது. அடுத்த சீசனில் மதராஸிலிருந்து வந்த ஒரு விருந்தாளி அதைப் பார்த்துவிட்டு, "வேலைக்காரர்களைக்கூட இவ்வளவு கௌரவமாகப் படம் எடுத்து மாட்டியிருக்கிறீர்களே," என்று மெச்சினாராம். செயலாளர் நன்றி சொன்னார்.

சுவாமிநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கழுத்தில் ரோஸ் நிற ரிப்பனோடு ரெக்ஸைக் காரில் ஏற்றினார். ஏறப்போகும் நேரத்தில் தங்கமுத்து கோட்டை நீட்டியபடி வந்தார்.

"வச்சுக்க," என்றார் சுவாமிநாதன், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு. "இது என்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு கிளப்புக்கு நாயோட போகணும்ல. ரூம்பு ஒனக்குத்தான். பொண்டாட்டிகிட்டச் சொல்லிரு."

கார் போன பிறகு தங்கமுத்து குறுக்குப் பாதையில் நடந்தார். வெயில் சாய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது. கம்பளி இல்லாமல் தோள் விறைத்தது. கோட்டை மாட்டிக்கொண்டார். தோள்பட்டையில் இன்னொருவருக்கு இருந்த இடம் இப்போது அவருக்குச் சரியாக இருந்தது.

பங்களாவின் பின்பக்கம் அவர் வரும்போது, அறை வாசலில் ராக்காயி மூட்டையைப் பிரித்துத் துணிகளை உதறிக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளி வந்ததும் முதல் வேலையாக அவளிடம் சொல்லியிருந்தாள். வாசற்படியில் ரெக்ஸ் படுத்திருந்தது, கழுத்து ரிப்பனோடு. தங்கமுத்துவைக் கண்டதும் எழுந்தது. குரைத்தது.

"ஏலே ரெக்ஸு, நான்தான்."

அது அவரைப் படியேற விடவில்லை. தங்கமுத்து இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வந்தது.

"கோட்டுப் போட்டவுங்கள உள்ள விடாதுங்க அது," என்றாள் ராக்காயி, துணியை மடித்துக்கொண்டே. "இன்னைக்குத்தான் பாஸாகி வந்திருக்கு."

தங்கமுத்து கோட்டைக் கழற்றி முற்றத்துப் பேரி மரத்தின் கிளையில் மாட்டினார். ரெக்ஸ் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் கையை மோந்தது, வழிவிட்டது. அவர் உள்ளே போய் அடுப்பின் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தார்.

ரெக்ஸ் மட்டும் வாசலிலேயே இருந்தது. மரத்தில் தொங்கிய கோட்டின் கை காற்றில் ஆடும்போதெல்லாம், மூடுபனி வந்து அதை மறைக்கும் வரை, விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது.